கோதுமை மால்ட் என்று முளைகட்டாத பச்சைக் கோதுமையை விற்றுவிட்டார்கள். வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடத் தோன்றும், அடுத்து இன்னொருவர் அதே கடையில் மாட்டுவார். என் அரை மாதச் சம்பளம் போயிருக்கிறது. வீட்டில் பீர் காய்ச்சுபவர்களுக்கு மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் பூ), ஈஸ்ட் (நொதிக்கவைக்கும் நுண்ணுயிர்) விற்கிற இணையக் கடை அது. பெயர் போடவில்லை. பெரிய நிறுவனங்களின் மூட்டைகளை வாங்கிப் பிரித்து, தங்கள் பையில் அடைத்து, தங்கள் லேபிளை ஒட்டி விற்கிற ரகம். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைக் கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

ஜெர்மன் பாணிக் கோதுமைப் பீரான ஹெஃபெவைட்சன் காய்ச்சவேண்டும் என்பது எனக்கு வெகுநாள் ஆசை. அந்தப் பீரில் ஒளித்து வைக்க எதுவும் இல்லை. ஹாப்ஸ் கசப்பு மிகக் குறைவு, கசப்பை அளக்கும் ஐபியூ கணக்கில் 8 முதல் 15 வரைதான். கறுப்பு மால்ட்டோ கேரமல் மால்ட்டோ போட்டுக் குறையை மூட முடியாது. கோதுமை மால்ட்டும் ஈஸ்டும்தான் பீரே. ஜெர்மனியில் அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் தானியத்தில் பாதியாவது கோதுமை மால்ட்டாக இருக்கவேண்டும். 70 சதவீதம் வரை போடுகிறவர்களும் உண்டு. நானும் 70 கோதுமை மால்ட், 30 பில்ஸ்னர் மால்ட் (வெளிர்நிறப் பார்லி மால்ட்) என்றுதான் கணக்குப் போட்டேன். பல முறை காய்ச்சுவதற்கு வேண்டியதை மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதால் தொகை பெரிதாயிற்று.

நம்பிக்கை வந்த இடத்தைச் சொல்லியே ஆகவேண்டும். கடைக்காரரிடம் செய்தியில் பேசினேன். எடுத்த எடுப்பிலேயே, "பிரதர், உங்களுக்கு வாழைப்பழ வாசனை தூக்கலா இருக்கணுமா, கிராம்பு தூக்கலா இருக்கணுமா?" என்று கேட்டார். விஷயம் தெரியாதவன் கேட்கிற கேள்வியா இது? கிராம்பு வேண்டும் என்றால் மாஷை (அரைத்த மால்ட்டும் வெந்நீரும் கலந்த கூழை) முதலில் 45 டிகிரியில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள், ஃபெருலிக் அமிலம் வெளியே வரும், அதை ஈஸ்ட் கிராம்பு மணமாக மாற்றிக்கொள்ளும் என்றார். உண்மைதான். நொதிக்கும்போது சூடு ஏறினால் வாழைப்பழம் முன்னால் வரும் என்றார், அதுவும் சரி. கோதுமைக்கு உமி கிடையாது, வடிக்கும்போது அடைத்துக்கொள்ளும், நெல் உமியும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்கறையாகச் சொன்னார். தயாரிப்பாளரின் தொகுதி எண்ணோடு மூட்டையைப் படம் எடுத்து அனுப்பினார். இந்தப் பீருக்கு ஏற்ற வைஹென்ஸ்டெஃபான் வகைத் திரவ ஈஸ்ட் ஐஸ் பையோடு வரும் என்றார். இவ்வளவு தெரிந்த மனிதர் என்று நம்பி, முழுத் தொகையையும் முன்கூட்டியே அனுப்பினேன். மொத்தக் கொள்முதலுக்கு அதுதான் அவர்கள் விதியாம். அரை மாதச் சம்பளம், ஒரே தடவையில்.

வந்தது படத்தில் இருந்த மூட்டை இல்லை. வெள்ளைச் சாக்கில் பேனாவால் "கோதுமை மால்ட்" என்று எழுதியிருந்தது. கேட்டதற்கு, "நாங்க ரீபேக் பண்றோம் பிரதர், உள்ளே அதே சரக்குதான்" என்றார்.

அரைக்கும்போதே மில் திணறியது. மால்ட் ஆன தானியம் பல்லில் மொறுமொறுவென்று உடைந்து மாவாகும், லேசாக இனிக்கும். இது கல்லாட்டம் இருந்தது. மாஷ் பசை காய்ச்சியதுபோலத் திரண்டு, உமி போட்டும் வடியவே மாட்டேன் என்றது. ஒரு மணி நேரத்துக்கும் மேல் 66 டிகிரியில் வைத்திருந்து அயோடின் சொட்டினேன், கருநீலம். மாவுச்சத்து முழுதாகச் சர்க்கரையாக மாறவில்லை என்று அர்த்தம். சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டவேண்டிய இடத்தில் 1.028 காட்டியது.

மால்ட் என்றால் என்ன? தானியத்தை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தியது. முளைகட்டும்போதுதான் மாவுச்சத்தை உடைக்கிற நொதிகள் பெருகுகின்றன, மணியின் உள்சுவர்கள் இளகுகின்றன. பச்சைக் கோதுமைக்கு அந்த வேலை நடந்திருக்காது. பெல்ஜியக் கோதுமைப் பீரான விட்பியருக்குப் பச்சைக் கோதுமை போடுவார்கள்தான், ஆனால் பக்கத்தில் நொதிபலம் உள்ள பார்லி மால்ட் தாராளமாக இருக்கும். எனக்கு இருந்தது வெறும் 30 சதவீத பில்ஸ்னர், அதுவும் அதே கடைச் சரக்கு, நமுத்துப்போன வாடை. எப்படி உடையும்?

சந்தேகம் தீர, மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டி வைத்தேன். முளைத்துவிட்டது. உலையில் உலர்ந்த மால்ட் எங்கேயாவது முளைக்குமா? வெள்ளை வெளேரென்று வேர் விட்டு நின்றது என் அரை மாதச் சம்பளம்.

ஈஸ்ட் அதைவிட மோசம். ஐஸ் பை இல்லை. மால்ட் பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் செருகி, உறை உப்பிப்போய் வந்தது. ஸ்டார்ட்டர் போட்டால், அதாவது கொஞ்சம் மால்ட் சாற்றில் முன்கூட்டியே பெருகவிட்டால், நுரையே கட்டவில்லை. உறையில் ஒட்டியிருந்த தேதி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் தயாரிப்பாளர் அச்சடித்த உண்மையான தேதி, எப்போதோ காலாவதி ஆகிவிட்டது. மேலே தேதி ஒட்டி விற்கிறவன் எதைத்தான் செய்யமாட்டான்? ஹாப்ஸும் பழுத்து, பழைய சீஸ் வாடை அடித்தது.

படங்கள், அயோடின் சோதனை, முளைத்த கோதுமை, சுரண்டிய ஸ்டிக்கர் எல்லாவற்றையும் அனுப்பினேன். முதல் பதில்: "உங்க தெர்மாமீட்டர் சரியா இருக்கான்னு பாருங்க." தெர்மாமீட்டர் தப்பாக இருந்தால் தானியம் முளைக்குமா என்று கேட்டேன். "இயற்கைப் பொருள் சார், தொகுதிக்குத் தொகுதி மாறும்" என்று வந்தது. பிரதர் அதற்குள் சாராகிவிட்டிருந்தேன். பிறகு, மூட்டையைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்றார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பது கோதுமையா மால்ட்டா என்று எப்படித் தெரியும்? அதற்குப் பதில் இல்லை. ஈஸ்ட் விஷயத்தைக் கூரியர் மேல் போட்டார்கள். கூரியர்காரரா ஸ்டிக்கர் ஒட்டினார்? கடைசியாக இரக்கப்பட்டவர்கள்போல அடுத்த கொள்முதலுக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அரை மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கள், கூப்பன் வேண்டாம் என்று எழுதினேன். அத்தோடு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். அவர்கள் தளத்தில் நான் எழுதிய விமர்சனமும் காணாமல் போயிற்று. அங்கே இருப்பதெல்லாம் ஐந்து நட்சத்திரம்தான், ஏன் என்று இப்போது புரிகிறது.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், நுகர்வோர் புகாருக்கும் தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். விளக்கமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு மட்டும்.

மால்ட் வந்ததும் முதலில் ஒரு மணியை மென்று பாருங்கள், பல் வலித்தால் காய்ச்சவே ஆரம்பிக்காதீர்கள். தயாரிப்பாளரின் தையல் பிரியாத மூட்டை கிடைத்தால் அதையே வாங்குங்கள். மறுபொதி என்றால் கொஞ்சமாக வாங்கிச் சோதித்துப் பார்த்த பிறகு மற்றது. அரைத்த மால்ட் வேண்டாம், சீக்கிரம் கெட்டுவிடும், கலப்படமும் கண்ணுக்குத் தெரியாது. திரவ ஈஸ்ட் குளிர்ச்சி இல்லாமல் வந்தால் கூரியர்காரர் நிற்கும்போதே திருப்பி அனுப்புங்கள். தேதிமேல் ஒட்டு இருந்தால் உடனே சுரண்டிப் பாருங்கள், சுரண்டுவதைக் காணொளியாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்தே எடுங்கள். முழுத் தொகையை முன்பணமாகக் கேட்கிற கடைக்கு, 45 டிகிரியைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், அனுப்பாதீர்கள்.

இதே மாதிரி பேனாவால் எழுதிய வெள்ளைச் சாக்கு வேறு யாருக்காவது வந்திருந்தால் படத்தோடு தெரிவியுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.