மூன்று சர்வர் இருக்கிறது, செஃப் போடலாமா?

நண்பர் ஒருவர் கேட்ட கேள்வி இது. செஃப் (Ceph) என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே ஸ்டோரேஜாகச் சேர்க்கும் மென்பொருள். அதில் கட்டிய எங்கள் கிளஸ்டர் சமீபத்தில்தான் படுத்து எழுந்தது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகவே இருக்கும்.

கரண்ட் போனது, யுபிஎஸ் கைவிட்டது, மூன்று மானிட்டர்களும் (கிளஸ்டரில் எது எங்கே என்ற மேப்பை வைத்திருக்கும் செஃப் சர்வீஸ்கள்) ஒரே நேரத்தில் விழுந்தன. மூன்றிலும் அந்த மேப் இருக்கும் ராக்ஸ்டிபி டேட்டாபேஸ் கெட்டுப்போனது. மானிட்டருக்குப் போட்டிருந்தவை கரண்ட் போனால் தாங்கும் கெபாசிட்டர் இல்லாத மலிவு எஸ்எஸ்டிகள். எழுதாமலேயே "எழுதியாச்சு" என்று சொல்லும் ரகம். மானிட்டர் போனால் மேப் போச்சு. ஓஎஸ்டி (டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடி டேட்டாவை வைத்திருக்கும் செஃப் சர்வீஸ்) டிஸ்க்குகளில் டேட்டா பத்திரமாக இருக்கும், ஆனால் கிளஸ்டர் என்று ஒன்று இருக்காது.

இங்கேதான் செஃப்பைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அந்த மேப்பின் பிரதிகள் ஓஎஸ்டிகளிலும் இருக்கின்றன. எல்லா ஓஎஸ்டியையும் நிறுத்திவிட்டு, ஓஎஸ்டி டிஸ்க்கை நேரடியாகத் திறக்கும் ஆப்ஜெக்ட்ஸ்டோர் டூலில் 'அப்டேட்-மான்-டிபி' கொடுத்து ஒவ்வொன்றாக ஓட்டி, மேப்பை ஒரு ஃபோல்டரில் சேர்த்தோம். ஒரு சர்வர் முடிந்ததும் அந்த ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற காப்பி டூலில் அடுத்த சர்வருக்குக் கொண்டுபோய் அதன் மேலேயே தொடர வேண்டும். கடைசியில் அதிலிருந்து மானிட்டர் டேட்டாபேஸைத் திரும்பக் கட்ட மான்ஸ்டோர் டூலில் 'ரீபில்ட்'. ஃபோல்டரின் ஓனரை செஃப் யூசருக்கு மாற்றியதும் மானிட்டர் எழுந்து உட்கார்ந்தது. கிளஸ்டருக்குள் நுழைய ஓஎஸ்டிகளுக்கு வேண்டிய கீகள் தாமாகவே வந்துவிட்டன. கிளையன்ட் கீகளைத்தான் திரும்பப் போட வேண்டியிருந்தது.

இனி என் பழைய எரிச்சல். மானிட்டர் எழுந்த பிறகும் இரண்டு ஓஎஸ்டிகள் எழவில்லை, ஒரே ஒரு பிஜி (செஃப் டேட்டாவைப் பிரித்துவைக்கும் தொகுப்புகளில் ஒன்று) 'இன்கம்ப்ளீட்'. ஒன்றுதானே என்று விட முடியாது. விஎம்முக்கு (சர்வருக்குள் ஓடும் மெய்நிகர் கணினி) டிஸ்க்காக இருக்கும் ஆர்பிடி இமேஜை 4 எம்பி துண்டுகளாக வெட்டி எல்லா பிஜிகளிலும் தூவி வைக்கிறது செஃப். அநேகமாக எல்லா விஎம்மின் துண்டும் அந்த ஒன்றில் இருக்கும். அதைத் தொட்டால் எரர் வராது, சும்மா காத்திருக்கும். விஎம் பிங்குக்குப் பதில் சொல்லும், பாஸ்வேர்டு கேட்கும், அப்புறம் கல் மாதிரி நிற்கும். ப்ராசஸ் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் 'டி' நிலையில் கிடக்கும், கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் ஒன்பதுக்கும் அசையாது. போர்ட் திறந்திருப்பதால் மானிட்டரிங் டாஷ்போர்டு பச்சையாகவே சிரிக்கும். பிஜி இன்ஆக்டிவ் ஆகும்போதெல்லாம் இதே கூத்து.

தப்பான டேட்டா கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருப்பது மேல் என்பது செஃப்பை எழுதியவர்களின் நியாயம். சரிதான். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எழாத ஓஎஸ்டி ஒன்றின் டிஸ்க்கை அதே ஆப்ஜெக்ட்ஸ்டோர் டூல் திறந்தது. அந்த பிஜியை எக்ஸ்போர்ட் செய்து, நிறுத்திவைத்த நல்ல ஓஎஸ்டி ஒன்றில் இம்போர்ட் செய்து கிளப்பினோம். நின்றிருந்த விஎம்கள் அங்கிருந்தே ஓடத் தொடங்கின. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை.

ஆகவே நண்பருக்கு என் பதில்: போடாதீர்கள். மூன்று சர்வருக்கு இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தில் ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் எழுதும் மிரரும், இன்னொரு மெஷினுக்கு ஸ்னாப்ஷாட் அனுப்ப நேரம் வைத்துத் தானாக ஓடும் ஒரு கிரானும் போதும். அப்படியானால் நாங்கள் மாறுகிறோமா என்று கேட்காதீர்கள். மானிட்டர் எஸ்எஸ்டிகளை மட்டும் நல்லதாக மாற்றியாச்சு. நான்காவது சர்வருக்குக் கொட்டேஷன் கேட்டிருக்கிறேன்.