நாரி நோவுக்குப் பொட்டலக் குளிசை வாங்கும் ஆட்கள் கவனத்துக்கு

நாரி நோவென்று போனால் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "முள்ளந்தண்டு தேய்ஞ்சு போச்சு, இப்ப பாக்காட்டி பாயிலதான்" என்று வெருட்டுகிற இடங்கள் வன்னியில் இருக்கின்றன. பிறகு ஸ்கான், பெல்ட், ஊசி என்று காசு கரையும். தேய்மானம் இருப்பது உண்மைதான். ஆனால் நோவே இல்லாதவர்களின் ஸ்கான்களைத் தொகுத்து 2015இல் வந்த ஆய்வில், 50 வயதுக்காரரில் 80 வீதமானோருக்கு இடைத்தட்டுத் தேய்மானம் இருந்தது.

காசு போனால் போகட்டும், பெயர் எழுதாத பொட்டலக் குளிசைதான் ஆளை முடிக்கும். உள்ளே பெரும்பாலும் டைக்ளோபினாக் என்ற நோக் குளிசை. கூடவே குட்டிக் குளிசையாக டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட். இரண்டே நாளில் நோ பறந்துவிடும், "கைராசிக்காரர்" என்று பெயரும் வந்துவிடும். டெக்சாமெதசோன் சீனியை ஏற்றும், நாள்பட்டால் எலும்பையும் கரைக்கும். கிளினிக்கில் காரணம் தெரியாமல் சீனிக் குளிசையைக் கூட்டுவார்கள். பிறஷருக்கு லோசாட்டனோ எனலாப்ரிலோ, அதோடு மூத்திரம் போகிற குளிசையும் எடுப்பவர் டைக்ளோபினாக்கும் போட்டு வெயிலில் வயலில் நின்றால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடலாம். காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள வவுனியாப் பக்கம் இது விளையாட்டில்லை. பெயரும் மில்லிகிராமும் எழுதித் தராவிட்டால் வாங்காதீர்கள். இந்தப் பொட்டலத்தை மாதக்கணக்கில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மயங்கி விழலாம். மிச்சப் பொட்டலத்தோடு கிளினிக்குக்குப் போங்கள்.

உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்ஆர்ஐ என்ற காந்த ஸ்கானுக்குப் படுக்கமுன் கட்டாயம் சொல்லுங்கள். கேட்காமலே ஏற்றுகிற இடமென்றால் எழும்பி வாருங்கள். கண்ணுக்கோ முள்ளந்தண்டு நரம்புக்கோ பக்கத்தில் இரும்புத் துண்டு இருந்தால் காந்தம் அதை அசைக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்து இடம் பார்க்கவேண்டும்.

சீனி வருத்தக்காரரின் இரண்டு பாதமும் சப்பாத்துப் போட்டதுபோல விறைத்தால் அது பெரும்பாலும் சீனியின் வேலை, நாரியின் வேலையில்லை. குண்டியிலிருந்து ஒரே காலில் கோடாக இறங்கும் நோ நரம்பு நசிவாக இருக்கலாம். அதுவும் பலருக்கு ஆறு, எட்டுக் கிழமையில் தணியும். அதற்குள் கிரியேட்டினினும் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை) மூன்று மாதச் சீனியும் (HbA1c) பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதுவித்து வைத்திருங்கள். தணியாவிட்டால் அந்தக் கொப்பியோடு கிளிநொச்சியோ வவுனியாவோ பொது வைத்தியசாலைக்குப் போய்க் காட்டலாம்.

மூத்திரம் அடைத்தாலோ தெரியாமல் போனாலோ, குந்தியிருக்கும் பக்கம் (குண்டி, தொடையிடுக்கு) மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ, காய்ச்சலோடு நாரி நொந்தாலோ மறுநாள் வரை பார்க்கவேண்டாம், 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள்.