பிரெஞ்சு டோலா, பாண்டிபூல் தகரமா?

சீனபாணி ஓவியத்தோடு பழைய வார்னிஷ் தகரப் பொருள் வாங்க நினைப்பவர் முன்னால் முக்கியமாக இரண்டு வகைகள் உண்டு: 18ஆம் நூற்றாண்டு பாரிஸின் டோல் (வண்ணம் தீட்டி வார்னிஷ் பூசிய தகடு), வேல்ஸில் உள்ள பாண்டிபூல் ஊரின் தகரச் சாமான். இரண்டிலுமே சீன அரக்கு, அதாவது ஒரு மரத்தின் பாலிலிருந்து செய்யும் பளபளப்புப் பூச்சு, கிடையாது. அந்த மரத்தின் பால் ஐரோப்பாவில் கிடைக்காததால், கைக்கு எட்டிய எண்ணெய்களையும் பிசின்களையும் வைத்து அந்தப் பளபளப்பைக் கொண்டுவந்தார்கள்.

உறுதி என்றால் பாண்டிபூல்தான். அங்கே இதைச் செய்துவந்த ஆல்குட் குடும்பத்தார் ஆளிவிதை எண்ணெயும் நிலக்கீலும் சேர்ந்த பூச்சைத் தகரத்தில் அடுக்கடுக்காகப் பூசி, மிதமான சூட்டில் நெடுநேரம் சுட்டெடுத்தார்கள். தேநீர்த் தட்டு, காபிக் கெண்டி என அன்றாடம் புழங்கவே செய்த சாமான்கள் இவை.

ஆனால் அழகில் எனக்கு டோல்தான் ஒரு படி மேல். கறுப்பு, சிவப்பு, பச்சை நிறத் தளத்தில் தங்கக் கோடுகள். குடை பிடித்த மனிதர்கள், பகோடா எனும் அடுக்குக் கோபுரங்கள், கற்பனைப் பறவைகள். வரைந்தவர்கள் சீனாவைப் பார்த்தவர்கள் அல்ல. பூஷே, பில்மான் போன்ற பிரெஞ்சு ஓவியர்களின் அச்சுப்படங்கள் காட்டிய சீனாதான் அவர்களுக்குத் தெரியும். அந்தக் கனவுத்தன்மைதான் இதன் உயிர் என்று நினைக்கிறேன். பூந்தொட்டி உறைகளும், ஒயின் கிண்ணங்களைக் குளிரவைக்கும் விளிம்பு வளைந்த தொட்டிகளும் இந்த வகையில் தனி அழகு.

சரி, எதை வாங்கினாலும் விளிம்பையும் அடிப்பாகத்தையும் முதலில் பாருங்கள். பூச்சு உரிந்த இடத்தில் துரு பரவும். ஓவியம் மட்டும் புத்தம் புதிதாக மின்னினால், பின்னாளில் மேலே வரைந்ததா என்று கேளுங்கள்.