பதிவேற்றிய கோப்பு எங்கே போய்ச் சேர்கிறது? ஜாவா இணையச் செயலிகளில் மூன்று வழிகள்

பயனர் பதிவேற்றும் கோப்பைச் சேமிக்க ‘அப்லோட்ஸ்’ என்று ஒரு கோப்புறைப் பெயரைக் கொடுத்தால் போதும் என்றுதான் ஜாவாவில் புதிதாக எழுதுவோர் எண்ணுகிறார்கள். அந்தப் பெயரை எந்த இடத்திலிருந்து கணக்கிடுவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

முதல் வழி, ‘நியூ ஃபைல்’ என்று எழுதி வெறும் சார்புப் பாதையை, அதாவது வேறோர் இடத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படும் பாதையைக் கொடுப்பது. ஜாவா அதை ‘யூசர்.டிர்’ காட்டும் இடத்திலிருந்து, அதாவது ஜேவிஎம் (ஜாவா நிரலை இயக்கும் மென்பொருள்) தொடங்கப்பட்ட கோப்புறையிலிருந்து கணக்கிடும். ஜாவா இணையச் செயலிகளை ஓட்டும் வழங்கி மென்பொருளான டாம்கேட்டை அதன் ‘பின்’ கோப்புறையில் நின்று தொடங்கினால் படங்கள் அதற்குள் விழும். லினக்ஸில் சிஸ்டம்டி (சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) வழியே சேவையாக ஓட்டி, வேலைக் கோப்புறையைக் குறிப்பிடாமல் விட்டால், கணக்கு ‘/’ என்னும் மூலக் கோப்புறையிலிருந்து தொடங்கும். சர்வ்லெட் (இணையக் கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா நிரல்) தரநிலையின் 3.0 பதிப்பு தந்த, பதிவேற்றிய கோப்பைக் கையாளும் ‘பார்ட்’ இடைமுகத்தின் ‘ரைட்’ முறையோ இதையும் பார்ப்பதில்லை. ‘மல்டிபார்ட்கான்ஃபிக்’ என்னும் பதிவேற்ற அமைப்பு குறிக்கும் இடத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. இத்தனை நிலையற்ற வழியைச் சோதனைக்கு மேல் எதற்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, ‘கெட்ரியல்பாத்’ மூலம் செயலியின் சொந்தக் கோப்புறையைக் கேட்டு அதற்குள் எழுதுவது. படத்தை முகவரி கொடுத்து உடனே திறந்து பார்க்க முடிவதால் இது சரியான வழிபோலத் தெரிகிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். இங்கே சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ் மொழி விழாவையொட்டி ஒரு துணைப்பாட நிலையம் நடத்திய ஓவியப் போட்டிக்குச் செயலி எழுதிக் கொடுத்திருந்தேன். படிவத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திப் புதிய வார் கோப்பை (செயலி முழுவதையும் அடக்கிய பொதி) ஏற்றியதும், டாம்கேட் தன் வழக்கப்படி பழைய கோப்புறையை நீக்கிவிட்டுப் புதியதை விரித்தது. பிள்ளைகளின் ஓவியங்கள் அத்தனையும் அதோடு போயின; பெற்றோர் ஒவ்வொருவரையும் அழைத்து மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டியதாயிற்று. வார் கோப்பை விரிக்காமலே ஓட்டும் அமைப்பில் இதே முறை ‘நல்’ என்னும் வெற்று மதிப்பைத் திருப்பித் தரலாம். இவற்றையெல்லாம்விட என்னை அஞ்ச வைப்பது, அந்தக் கோப்புறைக்குள் யாரேனும் ஒரு ஜேஎஸ்பி கோப்பை (ஜாவா நிரல் கலந்த இணையப் பக்கம்) பதிவேற்றிவிட்டால் டாம்கேட் அதை நிரலாகவே இயக்கிவிடும் என்பதுதான். பிள்ளைகளின் பெயரும் படமும் தனிநபர் தகவல்கள். அவற்றுக்கு நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது இங்குள்ள 2012ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்.

மூன்றாவது, செயலிக்கு வெளியே ஒரு நிலையான கோப்புறையை வைத்து, அதன் முழுப் பாதையைச் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே இயங்குதளத்தில் வைக்கும் மதிப்பு) எழுதிவிடுவது. தரவுத்தளத்தில் அந்த அடிக்கோப்புறையைச் சார்ந்த பெயரை மட்டும் சேமித்தால், நாளை வேறு வழங்கிக்கு மாறினாலும் ஒரே ஒரு மதிப்பை மாற்றினால் போதும். சார்புப் பாதை உண்மையில் பயன்படும் இடம் இதுவே. கோப்பைக் காட்டத் தனி சர்வ்லெட் எழுத வேண்டும், எழுதும் அனுமதியைக் கவனிக்க வேண்டும், டாக்கரில் (செயலியைத் தனிப் பெட்டகமாக ஓட்டும் கருவி) ஓட்டினால் பெட்டகம் அழிந்தாலும் நிலைக்கும் சேமிப்பிடமான வால்யூமை இணைக்க வேண்டும் என்று வேலை கூடுவது உண்மைதான். ஆயினும் நான் இதையே தேர்ந்தெடுக்கிறேன். பல வழங்கிகளில் ஓடும் செயலிக்கு மட்டும் அமேசானின் எஸ்3 போன்ற, எல்லா வழங்கிகளும் பகிரும் பொதுச் சேமிப்பகம் தேவைப்படும்.

எந்த வழியானாலும் பயனர் கொடுத்த கோப்புப் பெயரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. இரு பெற்றோரின் கைப்பேசிகளிலிருந்து ‘ஐஎம்ஜி_0001’ என்ற ஒரே பெயரில் படங்கள் வந்தால் ஒன்றின்மேல் மற்றொன்று எழுதப்பட்டுவிடும். பெயருக்குள் இரட்டைப் புள்ளியும் சாய்கோடும் இருந்தால் கோப்பு வேறெங்கோ போய்விடும். ஆகவே யூயூஐடி (மீண்டும் வராத தனி அடையாள எண்) ஒன்றைப் பெயராக வைத்து, பாதையை ‘நார்மலைஸ்’ செய்து, அதாவது அதிலுள்ள இரட்டைப் புள்ளிகளைக் கணக்கிட்டு நேராக்கி, அது அடிக்கோப்புறையில்தான் தொடங்குகிறதா என்று ‘ஸ்டார்ட்ஸ்வித்’ கொண்டு பார்த்த பிறகே எழுதுகிறேன்.