முக்கோணத்தின் குத்துயரம்: சாய்வா, தொலைவுச் சூத்திரமா, பரப்பளவா?

ஏ(1, 6), பி(1, 1), சி(5, 4) என்று ஒரு முக்கோணம். ஏ முனையிலிருந்து பிசி பக்கத்துக்குக் குத்துயரம், அதாவது செங்குத்துத் தொலைவு, எவ்வளவு?

பெரும்பாலும் கை முதலில் சாய்வுக்குத்தான் போகும். பிசியின் சாய்வு 3/4, ஆகவே அதற்குச் செங்குத்தாக ஏ வழியே செல்லும் குத்துக்கோட்டின் சாய்வு −4/3. இரண்டு கோடுகளின் சமன்பாடுகளையும் எழுதித் தீர்த்தால், அவை சந்திக்கும் அடிப்புள்ளி (3.4, 2.8) கிடைக்கும். அங்கிருந்து ஏ வரை தொலைவு 4. விடை சரிதான். ஆனால் நீளத்தை மட்டும் கேட்ட கணக்குக்கு இது சுற்றுவழி. நடுவில் ஒரு குறி மாறினாலும் எல்லாம் போச்சு.

அடுத்தது, புள்ளிக்கும் கோட்டுக்கும் இடையிலான தொலைவுச் சூத்திரம். பிசியின் சமன்பாடு 3எக்ஸ் − 4ஒய் + 1 = 0. அதில் ஏ-யின் ஆயத்தொலைவுகளை இட்டால் −20 வரும். குறியை விட்டுவிட்டு, 3, 4 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வரும் 5-ஆல் வகுத்தால், 4. அடிப்புள்ளி தேவையே இல்லை.

பரப்பளவு வழியில் கோட்டின் சமன்பாடும் வேண்டாம். ஒவ்வொரு முனையின் எக்ஸையும் மற்ற இரண்டு முனைகளின் ஒய் வித்தியாசத்தால், ஏ, பி, சி என்ற சுற்று வரிசையில், பெருக்கிக் கூட்டினால் போதும்: 1(1−4) + 1(4−6) + 5(6−1) = 20, அதாவது பரப்பளவின் இருமடங்கு. பிசியின் நீளம் 5. வகுத்தால் அதே 4. இரண்டு வழியிலும் 20 வந்தது தற்செயல் அல்ல; முந்தைய சூத்திரத்தின் தொகுதிக்குள் ஒளிந்திருப்பதும் இந்தப் பரப்பளவுதான்.

மூன்று குத்துயரங்களும் வேண்டுமென்றால் நான் தயங்காமல் பரப்பளவையே எடுப்பேன். அந்த 20-ஐ ஒவ்வொரு பக்க நீளத்தாலும் வகுத்தால் போதும்: ஏபிக்கு 4, ஏசிக்கு 2√5. முனைகள் முழு எண்களாக இருந்தால் கடைசி வகுத்தல் வரை பின்னமே வராது. சாய்வு வழியோ ஏபியிலேயே முட்டிக்கொள்ளும்: அது ஒய் அச்சுக்கு இணையான கோடு, அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை. சி வழியே செல்லும் குத்துக்கோடு ஒய் = 4 என்று படத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அதற்காகச் சாய்வைத் தள்ளிவிட முடியாது. செங்கோட்டு மையம், அதாவது மூன்று குத்துக்கோடுகளும் சந்திக்கும் புள்ளி, கேட்டால் நீளங்கள் உதவாது, குத்துக்கோடுகளின் சமன்பாடுகள் வேண்டும். ஏ வழியே 4எக்ஸ் + 3ஒய் = 22; அதில் ஒய் = 4 என்று இட்டால் (2.5, 4). பி வழியே செல்லும் ஒய் = 2எக்ஸ் − 1 கோடும் இதே புள்ளியில் வந்து சேரும்.