ஈறு அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரண்டு வருடம்: என் அனுபவம்

பல் துலக்கும்போது ரத்தம் வந்தால் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்விடுவேன். பல வருடம் இப்படியே போயிற்று. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கி அளந்தார். அந்த இடைவெளியின் ஆழம் 3 மி.மீ. வரை இருக்கலாமாம். எனக்கு 7.

முதலில் ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். பத்து நாளில் சிவப்பு போய் ஈறு வெளிர் ரோஜா நிறத்துக்கு வந்தது. கூடவே பல் நீளமானதுபோல் தெரிந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்றது. ஈறு கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். வீக்கம் வடிந்ததால் ஈறு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இதை முன்பே சொல்லியிருந்தால் ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மூன்று மாதம் கழித்து மற்ற இடங்கள் 3, 4 என்று வந்துவிட்டன. அந்தக் கடைவாய்ப் பல் மட்டும் 6. எக்ஸ்ரேயில் வேரை ஒட்டி எலும்பில் ஒரு குழி. ஈறைத் திறந்து, எலும்புத் தூள் நிரப்பி, மேலே ஒரு சவ்வை வைத்துத் தைத்தார்.

சவ்வு எதற்கு? ஈறின் மேல்தோல் செல்கள் வேகமாக வளர்பவை. அவை முந்திக்கொண்டு வேரோரம் இறங்கிவிட்டால் காயம் மூடிவிடும். பல்லை எலும்போடு பிணைக்கும் நார் திரும்ப வளர இடமிருக்காது. சவ்வு அவற்றை மறித்து, மெதுவாக வளரும் நார் செல்களுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. மெல்ச்சர் என்ற ஆராய்ச்சியாளர் 1976இல் சொன்ன கருத்தின் வழி வந்தது இது. 1982இல் நைமன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் மனிதப் பல்லில் செய்து காட்டினார்கள். ஆறியதும் மீண்டும் வளர்ந்ததும் ஒன்றல்ல என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார். வலி அதற்கு முன்பே போய்விட்டது. கஷ்டம் பொறுமையில்தான்: ஆறு மாதம் அந்த இடத்தில் கம்பியே விடவில்லை, எலும்பு தெரிகிறதா என்று எக்ஸ்ரே எடுக்க ஒரு வருடம். இதற்கிடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுத்தம், தினமும் ராத்திரி பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ். அலுப்பாக இருந்த நாளிலும் விடவில்லை. புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்தச் சிகிச்சை சரியாகப் பிடிக்காது என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

போன மாதம் அளந்தார்: 4 மி.மீ., ரத்தக் கசிவு இல்லை, ஆட்டமும் நின்றுவிட்டது. முன்பக்கக் கீழ்ப் பற்களில் மட்டும் எலும்பு அன்று இருந்த மட்டத்திலேயே இருக்கிறது. அங்கே குழியாக இல்லாமல் மட்டமாகக் கரைந்திருக்கிறது. புதிதாக வளர்வதைத் தாங்கிப் பிடிக்கச் சுவர் இல்லை. அந்தப் பற்களில் இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்றார் டாக்டர்.