ஷாட்கட்: வீட்டு விசேஷ வீடியோவுக்கு இது தாராளம்

விசேஷ வீட்டில் இப்போது ஆளுக்கொரு போன். தங்கச்சி மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தியபோது, தாய்மாமன் என்ற முறையில் பிள்ளை என் மடியில் இருந்தது. படம் பிடிக்க எனக்குக் கை இல்லை. சுற்றி நின்ற அத்தனை பேரும் பிடித்தார்கள். அம்மா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தம்பி, சென்னையிலிருந்து வந்த சித்தி எல்லோரும். ஊர் திரும்பியதும் "நீதான் லேப்டாப் வச்சிருக்கியே" என்று எல்லாத் துண்டுகளும் என் தலையில் வந்து விழுந்தன. அதைக் கோத்து இருபது நிமிஷப் படமாக்க நான் எடுத்துக்கொண்டது ஷாட்கட் என்ற மென்பொருள்.

முதலில் விலை: ஒன்றுமில்லை. திறமூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்குத் தொடங்கு, மெயில் ஐடி கொடு என்று எதுவும் கேட்காது. முடிந்த படத்தின் மூலையில் தன் முத்திரையையும் குத்தாது. இதை எழுதியவர் டான் டெனடி. இதற்கு அடியில் ஓடும் எம்எல்டி என்ற எஞ்சினை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். 1080 படத்துக்கு 8 ஜிபி ரேம், 4கே என்றால் 16 ஜிபி வேண்டும் என்று அவர்களே சொல்கிறார்கள். என்னுடையது 8 ஜிபி, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அதற்கு இது ஓடுகிறது.

விண்டோஸில் முன்பு இருந்த மூவி மேக்கர் என்ற எளிய எடிட்டிங் மென்பொருளை மைக்ரோசாஃப்ட் 2017 ஜனவரியில் நிறுத்திவிட்டது. அதற்குப் பழகியவர்கள் ஷாட்கட்டைத் திறந்ததும் கொஞ்சம் மிரள்வார்கள். எங்கும் கறுப்புப் பலகைகள், சின்னச் சின்ன பட்டன்கள்தான். 'உங்கள் நினைவுகளைத் தொகுப்போமா?' என்று கேட்கும் பொம்மை எதுவும் இல்லை. நாலு விசை தெரிந்தால் போதும். 'எஸ்' தட்டினால், துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைன் பட்டையில் கோடு நிற்கும் இடத்தில் துண்டு இரண்டாகும். 'எக்ஸ்' தட்டினால் வேண்டாத துண்டு போய் இடைவெளியும் மூடிக்கொள்ளும். 'இசட்' என்றால் துண்டு போகும், இடைவெளி அப்படியே இருக்கும். 'ஏ' என்றால் பார்த்துக்கொண்டிருக்கும் துண்டு டைம்லைனின் கடைசியில் போய் ஒட்டும். நான் செய்த வேலையில் முக்கால்வாசி இவ்வளவுதான்.

மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் 'வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொன்னால் பிழியப்பட்ட சக்கைதான் வரும். வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். 2 ஜிபி வரை, சுருக்காமல் வரும். அம்மாவுக்கு இதைப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாது. நேரில் போய் ஒயர் போட்டு எடுத்துக்கொண்டேன். வந்ததையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு, அப்புறம் அதன் இடத்தை மாற்றாதீர்கள். ஷாட்கட் சேமிக்கும் கோப்பில் படம் இருக்காது, எந்தப் படத்தில் எங்கிருந்து எதுவரை என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். மூலத்தை இடம் மாற்றினால் 'காணோம்' என்று நிற்கும்.

புதிய புராஜெக்ட் தொடங்கும்போது வீடியோ மோடு என்று ஓர் இடம் வரும். அதைத் தானியங்கியாக விட்டால் முதலில் டைம்லைனில் போடும் துண்டு எப்படியோ அப்படியே முழுப் படமும் அமையும். முதல் துண்டு சித்தி செங்குத்தாகப் பிடித்ததாக இருந்தால், டிவியில் பார்க்க வேண்டிய படம் ரீல்ஸ் மாதிரி ஒல்லியாக நிற்கும். அதனால் கையாலேயே 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம் (தனித்தனிப் படம்) என்று வைத்துவிடுங்கள். போன் வீடியோக்கள் பெரும்பாலும் 30க்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

'பக்கத்தில்' என்பதில்தான் வில்லங்கம். போன்கள் சீரான வேகத்தில் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால், சூடேறினால், ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கும். எடிட்டிங்கில் இது உதட்டுக்கும் பேச்சுக்கும் பொருந்தாமல் போகக் காரணமாகும். ஷாட்கட் இங்கே மெச்சத்தக்க ஒரு காரியம் செய்கிறது: அப்படிப்பட்ட கோப்பைத் திறந்ததுமே கண்டுபிடித்து, 'எடிட்டிங்குக்குத் தோதாக மாற்றிக்கொள்ளவா' என்று கேட்கிறது. சரி என்று சொல்லுங்கள். மூன்று தரம் காட்டும்; வீட்டுப் படத்துக்கு முதலாவது போதும். மற்ற இரண்டும் ஹார்ட் டிஸ்கை விழுங்கும்.

இனி சத்தம். வீட்டு வீடியோவைக் கெடுப்பது நடுங்கும் படம் இல்லை, வெட்டு வெட்டாக மாறும் சத்தம். கோயிலில் நையாண்டி மேளம் நடந்துகொண்டிருக்கிறது. அம்மா போனில் நாலு நொடி, மாப்பிள்ளை போனில் ஆறு நொடி என்று படத்தை வெட்டி ஒட்டினால், ஒவ்வொரு வெட்டிலும் தவில் அடி தாவும், நாயனம் பாதியில் அறுந்து வேறு இடத்தில் தொடங்கும். பார்ப்பவருக்கு எது உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாது, ஆனால் டிவியை விட்டு எழுந்து போய்விடுவார்.

அதனால் சத்தத்தை முதலில் போட்டேன். ஆசாரி ஊசியை எடுத்ததிலிருந்து இரண்டு காதும் குத்தி முடியும் வரை நிறுத்தாமல் பிடித்த போன் யாருடையது என்று தேடினால், மாப்பிள்ளையின் தம்பியுடையது. பந்தி நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று பிடித்திருக்கிறான். படத்தில் பாதி நேரம் யாரோ ஒருவருடைய முதுகு. ஆனால் சத்தம் பிரமாதம், ஏனென்றால் அவன் தூரத்தில் நின்றான். மேளத்துக்குப் பக்கத்தில் நின்ற போன்களில் மைக் தாங்காமல் சத்தம் பிளந்துவிட்டது. அப்படிப் பிளந்த சத்தத்தை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிசெய்யாது. குறைத்து வைத்தால் கரகரப்பும் சேர்ந்து குறைந்து கேட்கும், அவ்வளவுதான்.

அவன் துண்டில் வலது கிளிக் செய்து சத்தத்தை மட்டும் பிரித்தெடுத்து, டைம்லைனில் கீழே தனித் தடமாக, அதாவது தனி வரிசையாக வைத்தேன். இதுதான் அடித்தளம். மேலே மற்றவர்களின் துண்டுகளை வைக்க வேண்டும், சரியான நொடியில். இதற்கென்றே ஷாட்கட்டில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு தடத்தைக் குறியாக வைத்து மற்றத் துண்டுகளை அதனோடு பொருத்துவது. ஒவ்வொரு துண்டிலும் உள்ள சத்தத்தை அந்தத் தடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது இந்த இடத்துக்கு உரியது என்று தானே நகர்த்தி வைக்கும். மேளமும் குலவையும் எல்லாப் போனிலும் விழுந்திருப்பதால் பொருத்தம் கண்டுபிடிக்க அதற்குச் சிரமமே இல்லை. ஓசையில்லாத இடத்தில் எடுத்தவற்றுக்கு இது உதவாது. பொருந்திய பிறகு மேல் தடங்களின் சத்தத்தை மியூட் செய்துவிட்டு, படத்தை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். மேளம் அறுபடாது. பாப்பா வீறிடும் நொடியில் என் மடியில் அவள் முகம், அடுத்து தங்கச்சி கண்ணைத் துடைப்பது, அடுத்து ஆசாரியின் விரல், எல்லாம் ஒரே அழுகைக்குள் நடக்கிறது. "அண்ணே, அவ அழுகிறதை மட்டும் வெட்டிராத" என்று தங்கச்சி முன்கூட்டியே சொல்லியிருந்தாள்.

ஓர் இடத்தில் மட்டும் மேல் தடத்தின் சத்தத்தைத் திறந்துவிட்டேன்: கம்மல் பெட்டியைத் திறந்தபடி அம்மா எதையோ முணுமுணுக்கும் இடம். அங்கே கீழ்த் தடத்தை மெல்லத் தாழ்த்தி, அப்புறம் மெல்ல ஏற்ற வேண்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் 'கெயின்' ஃபில்டரில் கீஃபிரேம் (எந்த நொடியில் எவ்வளவு என்ற குறி) வைத்துச் செய்யலாம். கடைசியில் சத்த அளவைச் சமன்செய்யும் நார்மலைஸ் ஃபில்டரையும் போடுங்கள். இரண்டு சுற்று வகை நல்லது. அதில் 'அனலைஸ்' பட்டனை அழுத்த வேண்டும்.

படத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. செங்குத்தாக எடுத்த துண்டுகளுக்கு இரண்டு பக்கமும் கறுப்பாக விடாமல் 'பிளர் பேட்' என்ற ஃபில்டர் போட்டால் அதே படம் மங்கலாக ஓரங்களை நிறைக்கும். எனக்குப் பிடித்தது வேறு. 1920 புள்ளி அகலத் திரையில் ஒரு செங்குத்துப் படம் சுமார் 607 புள்ளிதான் பிடிக்கும். அப்படி மூன்று படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சீர்வரிசைத் தட்டுகள் வரும் காட்சியை மூன்று போன்களிலிருந்து எடுத்து மூன்று சன்னலாக வைத்தேன். அளவையும் இடத்தையும் மாற்றும் ஃபில்டர் ஒன்றே போதும்.

நடுக்கத்தைக் குறைக்கும் 'ஸ்டெபிலைஸ்' இருக்கிறது, ஆனால் ஓரத்தை வெட்டித்தான் குறைக்கும். நடந்துகொண்டே பிடித்ததற்குப் போட்டால் சுவர்கள் ஜெல்லி மாதிரி வளையும். நின்று பிடித்ததற்கு மட்டும் போடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகிறதா? நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டர், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம், அதற்கு ஒத்துப்போகாவிட்டால் பட்டை வரும். இதை எடிட்டிங்கில் ஒழிப்பது பெரும்பாடு. அடுத்த விசேஷத்தில் போனின் புரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என்று வைக்கச் சொல்வதுதான் வழி.

ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷன்கள் ஒரு பெரிய பட்டியலே இருக்கிறது. தயவுசெய்து தொடாதீர்கள். பூ விரிவது, பக்கம் புரள்வது எல்லாம் கல்யாண வீடியோக்காரர்கள் ஒரு தலைமுறைக்கே காட்டி அலுக்கவைத்துவிட்டார்கள். நேரடி வெட்டு, காலையிலிருந்து மதியத்துக்குப் போகும்போது ஒரு கரைதல், போதும். தலைப்புக்கு 'டெக்ஸ்ட்: சிம்பிள்' போட்டால் தமிழ் எழுத்து கொம்பும் காலும் பிரியாமல் ஒழுங்காக வருகிறது. சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு யூடியூபில் ஏற்றினால் உரிமை கோரல் வரும், லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் என்று போட்டாலும் வரும். மேளம் இருக்கும்போது பாட்டு எதற்கு?

குறை இல்லாமல் இல்லை. முகத்தின் நிறத்தைப் பந்தல் துணியின் பச்சையிலிருந்து மீட்க வேண்டுமென்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு எங்கேயோ மேலே. ஆனால் அதற்கு 16 ஜிபி ரேமும் நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். ஷாட்கட்டின் ஒயிட் பேலன்ஸ் ஃபில்டரில் வெள்ளை வேட்டியைத் தொட்டுக் காட்டினால் பாதி சரியாகும். கிளிப்சாம்ப் என்ற எடிட்டர் விண்டோஸ் 11இலேயே வருகிறது, பழக எளிது; சின்னப் பிறந்தநாள் வீடியோ என்றால் அதிலேயே முடித்துக்கொள்ளலாம். ஐந்தாறு போன்களின் படத்தைச் சத்தத்தை வைத்துப் பொருத்த வேண்டும், லேப்டாப் பழசு, காசு செலவழிக்கும் எண்ணமும் இல்லை என்றால் ஷாட்கட்.

ஏற்றுமதி செய்யும்போது 'சேவ்' வேறு, 'எக்ஸ்போர்ட்' வேறு என்பதை மறக்காதீர்கள். எச்.264 என்ற சுருக்க முறை, எம்பி4 கோப்பு என்ற இயல்பான அமைப்பை மாற்ற வேண்டாம். புதிய முறையான எச்.265 கோப்பு சிறிதாக இருக்கும், ஆனால் ஊரில் உள்ள பழைய டிவிகள் பல அதைத் திறக்காது. பெரியவர்கள் பென்டிரைவ்தான் கேட்பார்கள். அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. இருபது நிமிஷப் படம் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். மூன்று மணி நேரம் தொகுப்பவர்கள் இரண்டு மூன்று பாகமாக வெட்டிக்கொள்ளட்டும். அதையும் 'எஸ்' விசையே செய்யும்.